ஒரு மில்லிமீட்டர் ஆரஞ்சு

மேசை விளக்கின் கீழே உலோக வீரன் ஒருவன் நிற்கிறான். உயரம் 28 மில்லிமீட்டர். தலையில் பித்தளைத் தகடு பதித்த குட்டையான தொப்பி, முதுகில் மூட்டை, தோளில் துப்பாக்கி. கோட்டுக்கு நீலம் பூசி உலர்ந்தாயிற்று. அடுத்து, மார்பின் இரு பக்கமும் வெளியே மடித்துத் தைத்த பட்டைக்கு வண்ணம் வைக்க வேண்டும். உண்மையான கோட்டில் அந்தப் பட்டை ஏழு சென்டிமீட்டர் அகலம் இருந்திருக்கும். ஏறத்தாழ 60-இல் ஒரு பங்காகச் சுருங்கிய இந்த உடம்பில் அது ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அங்கே ஆரஞ்சு வைத்தால் இவன் லோஸ்பெர்க் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவன். கறுப்பு வைத்தால் க்னிப்ஹவுசன் ரெஜிமென்ட். சிவப்பு வைத்து ரால் ரெஜிமென்ட்டுக்காரன் ஆக்கிவிட முடியாது. ரால் ரெஜிமென்ட்டினர் கிரனேடியர்கள், அவர்களுடைய தொப்பி இன்னும் உயரம். ஆக, தூரிகையை நனைப்பதற்கு முன்பே தொப்பியின் உயரம் பாதி விடையைச் சொல்லிவிடுகிறது.

இந்த மூன்று ரெஜிமென்ட்டுகளும் ஒரே நாளில், ஒரே ஊரில் அகப்பட்டுக்கொண்டவை. 1776 டிசம்பர் 26 அதிகாலை, பனிக்கட்டி மிதந்த டெலவேர் ஆற்றைக் கடந்து வந்த ஜார்ஜ் வாஷிங்டனின் படை, நியூ ஜெர்சியின் டிரென்டன் ஊரைச் சூழ்ந்தது. ஆலங்கட்டியும் பனியும் கலந்து அடித்துக்கொண்டிருந்தன. தளபதி யோஹான் ரால் படுகாயமடைந்து இறந்தார். சுமார் 900 பேர் சிறைப்பட்டனர். அமெரிக்க விடுதலைப் போரின் சிற்றுருவங்களைத் தீட்டுகிறவர்கள் ஜெர்மானியப் படையில் பெரும்பாலும் இந்த மூன்றிலிருந்துதான் தொடங்குகிறார்கள். தவறுகள் தொடங்குவதும் இங்கிருந்துதான்.

முதல் தவறு 'ஹெஸ்ஸியன்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. பிரிட்டன் வாடகைக்கு எடுத்த ஜெர்மானியர் அனைவரையும் அமெரிக்கர்கள் ஹெஸ்ஸியன் என்றே அழைத்தார்கள். உண்மையில் ஆறு சிற்றரசுகள் படை அனுப்பின: ஹெஸ்ஸன்-காசல், பிரன்ஸ்விக், ஹெஸ்ஸன்-ஹானாவ், வால்டெக், அன்ஸ்பாக்-பைராய்ட், அன்ஹால்ட்-செர்ப்ஸ்ட். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 30,000 பேர். அவர்களில் ஹெஸ்ஸன்-காசலின் பங்கு மட்டும் சுமார் 17,000. ஆறு அரசுகளின் படைகளிலுமாகச் சுமார் 12,500 பேர் ஊர் திரும்பவில்லை. அவர்களில் போரிலும் நோயிலும் இறந்தவர்கள் பலர். அங்கேயே ஓடித் தங்கிவிட்டவர்களும் உண்டு. பிரன்ஸ்விக்குடனும் ஹெஸ்ஸன்-காசலுடனும் ஒப்பந்தங்கள் 1776 ஜனவரியிலேயே கையெழுத்தாகிவிட்டன. வாடகைப் பணம் போனது சிற்றரசர்களின் கருவூலத்துக்கு. சிப்பாய்க்குக் கிடைத்தது தினச் சம்பளம்தான். தன் விருப்பத்தில் காசுக்குப் போரிட வந்த கூலிப்படையினர் என்று இவர்களை எழுதுவது ஆகவே சரியாகாது. 'துணைப்படை' என்ற சொல்லே உண்மைக்கு நெருக்கம். ஆறு அரசுகள் என்றால் ஆறு விதமான சீருடைகள்; ஒவ்வோர் அரசுக்குள்ளும் ரெஜிமென்ட்டுக்கு ஒரு நிறம்.

பெயர்கள் இன்னொரு வலை. இந்தப் படைகளில் பெரும்பாலானவற்றுக்கு எண் கிடையாது. ரெஜிமென்ட்டின் தலைவர் யாரோ அவர் பெயரே அதன் பெயர். தலைவர் மாறினால் பெயரும் மாறும். டிரென்டனில் ரால் என்று இருந்த ரெஜிமென்ட், அவர் இறந்த பிறகு 1777-இல் வோல்வார்ட், 1778-இல் ட்ரும்பாக், 1779-இல் தாஞ்செலெல்லி என்று நான்கே ஆண்டில் நான்கு பெயர் தாங்கியது. லோஸ்பெர்க் கதை இன்னும் குழப்பம். 1780-இல் மிர்பாக் ரெஜிமென்ட் 'இளைய லோஸ்பெர்க்' ஆயிற்று. அதனால் டிரென்டனில் பிடிபட்ட ஆரஞ்சுப் பட்டைக்காரர்கள் 'மூத்த லோஸ்பெர்க்' ஆனார்கள். மிர்பாக்கின் நிறமோ சிவப்பு. போரின் கடைசி ஆண்டுகளைத் தீட்டும் ஒருவர் பட்டியலில் 'லோஸ்பெர்க்' என்பதைப் பார்த்தவுடன் ஆரஞ்சுப் புட்டியைத் திறந்தால், படை முழுவதும் பிழையாகிப் போகும். க்னிப்ஹவுசனிலும் இதே ஆபத்து உண்டு. அந்தப் பெயருடைய தளபதி வில்ஹெல்ம் வான் க்னிப்ஹவுசன் பிற்பாடு ஹெஸ்ஸியன் படைக்கே தலைமை ஏற்றவர். அவருடைய ரெஜிமென்ட் டிரென்டனில் இருந்தது என்பதால் அவரையும் அந்தக் காட்சியில் கொண்டுவந்து நிறுத்துவது தவறு.

இனி நிறத்துக்கு வருவோம். பழைய ஆவணங்களில் நிறம் என்பது வெறும் சொல்தான். 'வைக்கோல் நிறம்' என்று ஒரு பதிவேடு சொல்கிறது. அறுத்த மறுநாள் வைக்கோலா, நான்கு மழை கண்ட வைக்கோலா என்பதை அது சொல்வதில்லை. அன்றைய துணி ஒவ்வொன்றும் இயற்கைச் சாயத்தில் முக்கி எடுத்தது. நீலக் கம்பளிக்கு அவுரி. சாதாரணச் சிப்பாயின் சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேர். அதிகாரிகளின் ஒளிரும் சிவப்புக்குக் கொச்சினீல் பூச்சி. அது விலை கூடியது. கறுப்புக்கு இரும்பு உப்பும் கடுக்காயைப் போன்ற துவர்ப்புப் பொருளும் சேர வேண்டும். அந்தச் சேர்க்கை காலப்போக்கில் கம்பளியையே அரித்துவிடும். ஒரு தொட்டியில் எடுத்த துணி அடுத்த தொட்டியில் எடுத்ததைப் போல இருக்காது. ஆதலால் 'சரியான ஆரஞ்சு எது?' என்ற கேள்விக்கு ஒற்றைப் புட்டி விடையாகாது. ஒரே ரெஜிமென்ட்டின் இருபது உருவங்களுக்கு ஒரே ஆரஞ்சை இரண்டு மூன்று சாயலில் கலந்து பூசுகிறவர், ஒரே சாயலில் பூசுகிறவரைவிட வரலாற்றுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

இங்கே நீலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் விற்கும் 'பிரஷ்ய நீலம்' என்ற வண்ணத்தைப் பெயரை வைத்தே வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. பிரஷ்ய நீலம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்ட ஓவிய வண்ணம். அதில் பச்சை கலந்த குளிர்ச்சி உண்டு. ஹெஸ்ஸியன் கோட்டு வெட்டிலும் தையலிலும் பிரஷ்யப் பாணியைப் பின்பற்றியது உண்மையே. ஆனால் அதன் நீலம் அவுரியின் நீலம், கறுப்புக்கு அருகே போகும் ஆழமான நீலம். கப்பல் தளத்திலும் கூடாரத்திலும் இரண்டு கோடை கழிந்தபின் தோள்பட்டையில் அது சாம்பல் தட்டியிருக்கும். தையல் மடிப்பின் உள்ளே மட்டும் பழைய ஆழம் மிச்சமிருக்கும். சிற்றுருவத்தில் இதைக் காட்டுவது எளிது. முதலில் முழுக்க ஆழ்ந்த நீலம் பூசி, பிறகு தோளிலும் முழங்கை வளைவிலும் கோட்டின் வால் ஓரத்திலும் சாம்பல் கலந்த வெளிர் நீலத்தை ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் தேய்த்தால் போதும்.

நிறத்தைவிடக் கடினமான கேள்வியும் ஒன்று உண்டு. அன்று அந்த மனிதன் உண்மையில் என்ன உடுத்தியிருந்தான்? சட்டப்புத்தகம் சொல்லும் உடையையா, கையில் கிடைத்த உடையையா?

பிரன்ஸ்விக்கின் டிராகூன் ரெஜிமென்ட்டான 'பிரின்ஸ் லுட்விக்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டிராகூன் என்றால் குதிரையில் போய்ப் போரிடுபவன். இவர்கள் கனடாவுக்கு வந்திறங்கியபோது குதிரை இல்லை. அங்கே கிடைக்கும் என்று நம்பி அனுப்பியிருந்தார்கள். கிடைக்கவில்லை. வெளிர் நீலக் கோட்டு, மஞ்சள் பட்டை, இடுப்பில் நீண்ட வாள் என்ற கோலத்தில், பிரிட்டிஷ் ஜெனரல் பர்கோய்னின் படையோடு 1777 கோடையில் காட்டு வழியே நடந்தார்கள். ஆகஸ்ட் மாதம் லெப்டினன்ட் கர்னல் ஃபிரீட்ரிக் பவும் தலைமையில் பென்னிங்டன் பக்கம் அனுப்பப்பட்ட படைக்கு இட்ட வேலைகளில் ஒன்று குதிரை பிடித்து வருவது. 16-ஆம் தேதி, இன்றைய நியூயார்க் மாநில எல்லைக்குள் இருக்கும் வலூம்சாக் குன்றின் மேல் அவர்கள் சுற்றி வளைக்கப்பட்டார்கள். தோட்டா தீர்ந்ததும் டிராகூன்கள் வாளை உருவிக்கொண்டு வழி வெட்ட முயன்றார்கள். பவும் படுகாயமுற்று இறந்தார்.

அந்தக் குன்றின் மேல் அவர்கள் காலில் என்ன இருந்தது? பின்னாளைய படங்கள் பலவற்றில் முழங்காலைத் தாண்டும் கனத்த குதிரை பூட்ஸ். அந்த பூட்ஸோடு காட்டிலும் சேற்றிலும் தத்தித் தத்தி நடந்ததால்தான் அவர்கள் தோற்றார்கள் என்ற கதை தலைமுறை தலைமுறையாகப் பாடநூல்களில் வந்தது. ஆனால் பர்கோய்ன் படையில் உடன் இருந்த ஒருவர் வேறு விதமாக வரைந்திருக்கிறார். ஹெஸ்ஸன்-ஹானாவ் அதிகாரி ஃபிரீட்ரிக் வான் ஜெர்மன், 1778-ஐ ஒட்டி, தான் கண்ட பிரிட்டிஷ், ஜெர்மானிய, அமெரிக்க வீரர்களையும் ஒரு கனடா விவசாயியையும் கூட நீர்வண்ணத்தில் தீட்டினார். அந்தப் படவரிசை நியூயார்க் பொது நூலகத்தின் சேகரத்தில் காணக் கிடைக்கிறது. அதில் டிராகூன் குதிரை பூட்ஸோடு இல்லை. கால் முழுதும் இறங்கும் நீண்ட காற்சட்டையோடு நிற்கிறான். மெத்தை உறைக்குப் பயன்படும் கோடு போட்ட தடித்த துணியில் இத்தகைய காற்சட்டைகள் பிரன்ஸ்விக் படைக்குத் தைக்கப்பட்டதை ஆய்வாளர்கள் பலர் ஏற்கிறார்கள். கதையின் கவர்ச்சிக்காக பூட்ஸைத் தேர்ந்தெடுப்பது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநீதி. அவர்கள் உடைக்கு அடிமையாகி இறந்த முட்டாள்கள் அல்லர். துணியை வெட்டித் தைத்து, நிலத்துக்கு ஏற்ப மாறியவர்கள்.

பிரன்ஸ்விக் படைக்கு உடை விஷயத்தில் தொடக்கத்திலிருந்தே சிரமம்தான். அந்தப் படையின் தளபதி ஜெனரல் ரீடேசலின் வாழ்க்கையை எழுதிய மேக்ஸ் வான் எல்கிங் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். வழியில் இங்கிலாந்தில் சிப்பாய்களுக்காக வாங்கி ஏற்றிய காலணிப் பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது, உள்ளே பெண்கள் அணியும் மெல்லிய காலணிகள் இருந்தனவாம். 1776 நவம்பரில் கனடாவிலிருந்த பிரிட்டிஷ் படைக்கு ஆடை ஏற்றிச் சென்ற 'மெலிஷ்' என்ற கப்பலை அமெரிக்கரான ஜான் பால் ஜோன்ஸ் கைப்பற்றினார். மறு ஆண்டு பர்கோய்னின் பிரிட்டிஷ் சிப்பாய்கள் பழைய கோட்டின் வாலை வெட்டி, அந்தத் துண்டுகளால் கிழிசலை ஒட்டுப்போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். ஆகவே பர்கோய்னின் இந்தச் சரடோகா படையெடுப்பைத் தீட்டுகிறவர், பிரிட்டிஷ்காரனுக்குக் குட்டைக் கோட்டும் பிரன்ஸ்விக்காரனுக்கு நீண்ட கோட்டும் கொடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தலாம். அந்த ஒரு வேற்றுமையிலேயே ஒரு போரின் சரக்கு வழிப் பாதை முழுவதும் தெரிந்துவிடும்.

சான்றுகளை எந்த வரிசையில் நம்புவது என்பதில் கைதேர்ந்த வண்ணக்காரர்களுக்குள் வாதம் ஓயாது. இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு எளியது. போருக்கு நாளாலும் தூரத்தாலும் எது பக்கமோ அதற்கே முதல் இடம். மண்ணிலிருந்து வந்த பொத்தானும் தொப்பித் தகடும் முதலில். அடுத்து உடனிருந்தவரின் ஓவியம், நாட்குறிப்பு, தப்பி ஓடிய கைதியைத் தேடி நாளிதழில் வந்த விளம்பரம். அந்த விளம்பரங்கள் அருமையானவை. ஆளைப் பிடிக்க வேண்டும் என்ற நோக்கத்தில் எழுதியதால் அலங்காரம் இல்லாமல், போட்டிருந்த கோட்டு, காற்சட்டை, தொப்பி எல்லாவற்றையும் சொல்லிவிடும். அதன் பிறகே அரச ஆணைகள். நூறு ஆண்டு கழித்து ரிச்சர்ட் க்னோட்டல் வரைந்த அழகிய சீருடைத் தட்டுகளும், சார்லஸ் லெஃபர்ட்ஸ் தீட்டி 1926-இல் வெளியான தொகுப்பும் கடைசியில். அவை பெரும் உழைப்பின் விளைவு. கோட்டின் வெட்டைப் புரிந்துகொள்ள அவற்றைப் போல உதவுவது வேறில்லை. ஆனால் ஒரு தட்டில் நுழைந்த பிழை அடுத்த நூலுக்கும், அங்கிருந்து வண்ணப்புட்டி விற்பவரின் வழிகாட்டித் தாளுக்கும் இறங்கிவிடுகிறது.

கொடிகளுக்கும் இதே முறைதான். சார்லஸ் வில்சன் பீல் 1779-இல் தீட்டிய வாஷிங்டன் ஓவியத்தில், வாஷிங்டனின் காலடியில் கைப்பற்றப்பட்ட ஹெஸ்ஸியன் கொடிகள் கிடக்கின்றன. பீல் வெறும் ஓவியர் அல்லர். அந்தக் குளிர்காலப் போரில் படைவீரராகவும் இருந்தவர். பிரன்ஸ்விக் கொடிகளின் கதை வேறு. சரடோகா சரணடைவுக்குப் பின் அவற்றை எரித்துவிட்டதாக அமெரிக்கர்களை நம்பவைத்துவிட்டு, ரீடேசலின் மனைவி ஃபிரெடரிக்கா ஒரு தையற்காரரை வைத்து மெத்தைக்குள் வைத்துத் தைத்துவிட்டார். அவரே இதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். எனவே 1778-இல் சிறைப்பட்டு நடக்கும் பிரன்ஸ்விக் வரிசையில் கொடியைத் தூக்கி நிறுத்தக் கூடாது.

ஜெர்மானியர் என்றாலே நீலம் என்று எண்ணிக்கொள்வதும் தவறு. துப்பறிந்தும் பதுங்கியும் போரிட்ட யேகர்கள் பெரும்பாலும் வேட்டைக்காரர்களும் வனக்காவலர்களும். அவர்கள் கோட்டு பச்சை, பட்டை கருஞ்சிவப்பு. அவர்களின் தலைவர்களில் ஒருவரான யோஹான் ஏவால்ட் எழுதிய நாட்குறிப்பு இந்தப் போரைப் பற்றிய ஆகச்சிறந்த ஜெர்மானியப் பதிவுகளில் ஒன்று. அவர் ஒரு கண்ணை இளமையில் துவந்த யுத்தத்தில் இழந்தவர். அவருடைய சிற்றுருவத்தின் முகத்தைத் தீட்டுகிறவர் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஹனோவரோ முழுக்கச் சிவப்பு. பிரிட்டிஷ் அரசர் மூன்றாம் ஜார்ஜே ஹனோவரின் ஆட்சியாளர் என்பதால் அங்கத்திய படையும் பிரிட்டிஷாரைப் போலச் செங்கோட்டு அணிந்தது. 1775-இல் ஹனோவரின் ஐந்து பட்டாளங்கள் ஜிப்ரால்டருக்கும் மினோர்காவுக்கும் போயின. 1781-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் திரட்டிய 15-ஆம், 16-ஆம் ரெஜிமென்ட்டுகள் இன்னும் தூரம் வந்தன. அவை மறு ஆண்டு சென்னையில் வந்திறங்கின. 1783 ஜூன் 13-ஆம் தேதி, தளபதி புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையை எதிர்த்துக் கடலூரில் ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடத்திய தாக்குதலில் அந்த ஹனோவர்காரர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் டிரென்டனும் தென்னாற்காட்டில் கடலூரும் ஒரே பெரும் போரின் இரு முனைகள். டிரென்டன் ஜெர்மானியனுக்குப் பூசிய நீலத்தைக் கடலூர் ஜெர்மானியனுக்குப் பூசக் கூடாது. வங்கக் கடலோரத்து ஜூன் மாத வெயிலில் கம்பளிக் கோட்டோடு நின்ற அந்தச் சிவப்பு உருவத்தைச் செய்ய விரும்பும் தமிழ் வாசகருக்கு, களம் பேருந்தில் போய்ப் பார்க்கும் தூரத்தில் இருக்கிறது.

ஊரும் உருவமும் ஒன்றுசேரும் இன்னோர் இடம் ஜெர்மனியிலேயே உண்டு. பைராய்ட் நாட்டுப் பகுதியான குல்ம்பாக்கில் மலை மேல் பிளாசன்பர்க் கோட்டை நிற்கிறது. அதில் இன்று இருப்பது மூன்று லட்சம் உருவங்களைக் கொண்ட ஈயச் சிற்றுருவ அருங்காட்சியகம். இதே பைராய்ட்டிலிருந்தும் பக்கத்து அன்ஸ்பாக்கிலிருந்தும் 1777 மார்ச்சில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட சிப்பாய்கள், மைன் ஆற்றங்கரையில் ஓக்ஸன்ஃபுர்ட் என்ற ஊரில் நெருக்கடியான படகுகளில் ஏற மறுத்துக் கலகம் செய்தார்கள். சிற்றரசர் அலெக்சாண்டரே விரைந்து வந்து அவர்களை ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது. அன்ஸ்பாக் ரெஜிமென்ட் நீலக் கோட்டில் சிவப்புப் பட்டை. பைராய்ட் ரெஜிமென்ட் நீலத்தில் கறுப்பு. பைராய்ட் படையில் சாதாரணச் சிப்பாயாக இருந்த யோஹான் கான்ராட் டோலா எழுதிய நாட்குறிப்பு, 1781-இல் நடந்த யார்க்டவுன் சரணடைவையும் தாண்டிப் போகிறது. அதிகாரியின் கண்ணில் படாத பசியும் காலணியும் அதில் இடம்பெறுகின்றன.

கறுப்புப் பட்டையைத் தீட்டுவது, பார்க்கத் தோன்றுவதைவிடக் கடினம். கருநீலத்தின் மேல் சுத்தக் கறுப்பை வைத்தால், ஒரு கை நீளத் தூரத்திலிருந்து இரண்டும் ஒன்றாகிவிடும். பைராய்ட்காரனையும் க்னிப்ஹவுசன்காரனையும் தீட்டுகிறவர்கள் கறுப்புக்குள் துளி பழுப்பைச் சேர்த்து, ஓரத்தில் மயிரிழை அளவு சாம்பல் கோடு இழுக்கிறார்கள். கோட்டின் நீலத்தையும் ஒரு படி வெளுக்கவைக்கிறார்கள். இது பொய் சொல்வது ஆகாது. சிறிய பரப்பு பெரிய பரப்பைப் போல ஒளியை வாங்காது. உருவம் சுருங்கச் சுருங்க நிறமும் வெளுக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு படைப்பிரிவை ஒரே நிறத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தால், ஹெஸ்ஸியன் கிரனேடியர் பட்டாளங்கள் அதையும் விடுவதில்லை. நான்கு வெவ்வேறு ரெஜிமென்ட்டுகளிலிருந்து தலா ஒரு கிரனேடியர் கம்பெனியை எடுத்துச் சேர்த்தவை அவை. ஒவ்வொருவரும் தாய் ரெஜிமென்ட்டின் கோட்டையே போட்டிருந்தார்கள். மின்னிகரோட பட்டாளத்தில் எர்ப்பிரின்ஸ், டிட்ஃபுர்ட், லோஸ்பெர்க், க்னிப்ஹவுசன் ரெஜிமென்ட்டுகளின் ஆட்கள். அதாவது கருஞ்சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, கறுப்பு ஆகிய நான்கும் ஒரே அணிவகுப்பில்.

1777 அக்டோபர் 22-ஆம் தேதி மாலை, அந்த அணிவகுப்பு டெலவேர் ஆற்றங்கரையின் ரெட் பேங்கில் இருந்த மெர்சர் கோட்டையின் மேல் ஏறியது. கர்னல் கார்ல் வான் டோனோப் தலைமையேற்றார். முக்கால் மணி நேரத்துக்குள் ஹெஸ்ஸியன்களில் ஏறத்தாழ 370 பேர் இறந்தோ காயமடைந்தோ பிடிபட்டோ போனார்கள். கோட்டைக்குள் இருந்த அமெரிக்கர்களில் இறந்தவர்கள் 14 பேர். டோனோப் சில நாள்களில் உயிரை விட்டார். 2022 கோடையில் அந்தக் களத்தின் பழைய அகழியைத் தோண்டியபோது ஒரு தொடை எலும்பு தென்பட்டது. தொடர்ந்து தோண்டினார்கள். 15 பேர் வரை இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணித்த எலும்புகள், மூன்றாம் ஜார்ஜின் 1766-ஆம் ஆண்டுத் தங்கக் கினி ஒன்று, ஈயக்கலவையிலும் பித்தளையிலும் செய்த பொத்தான்கள் ஆகியவை வெளிவந்தன. கினியின் மதிப்பு ஒரு சிப்பாயின் ஒரு மாதச் சம்பளத்துக்குச் சமம்.

28 மில்லிமீட்டர் உருவத்தில் அந்தப் பொத்தான் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. தூரிகையின் முனையில் ஒரு மயிர் போதும். நான்கு நிறப் பட்டைகளும் உலர்ந்த பிறகு, எந்தக் கம்பெனிக்கு வெள்ளி நிறம், எந்தக் கம்பெனிக்குப் பித்தளை நிறம் என்று பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசியாக அந்தப் புள்ளிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக வைக்க வேண்டும்.